மொறிஸ் மைனரைத் தினமும் ஓட்டுவதற்கு: மின்சாரம் முதலில், தண்ணீர் அடுத்து

என்னிடம் இருப்பது 1963ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர், 1098 சிசி. இரண்டு ஆண்டுகளாகக் கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்கும், மாதத்தில் ஓரிரு தடவை பண்ணைப் பாலம் தாண்டி வேலணையிலுள்ள மாமியார் வீட்டுக்கும் அதிலேதான் போய்வருகிறேன். பழைய கார் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது இயந்திரத்தைப் பற்றித்தான். போர்க்காலத்தில் எரிபொருளுக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயிலே ஓடிய இயந்திரங்கள் இவை. சாதாரண பராமரிப்பு இருந்தால் எங்களைக் கைவிடமாட்டா. என்னை இருமுறை நடுவீதியில் நிறுத்தியவை வயரிங்கும் றேடியேற்றரும்தான். ஆகவே அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

எண்ணெய் மாற்றவும் பிளக் கழற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அளவுகள் மட்டும்: பிளக் இடைவெளி 0.64 மில்லிமீற்றர், பொயின்ற் (பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்) 0.38, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது தப்பெற் (வால்வின் மேலுள்ள இடைவெளி) 0.30, சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1-3-4-2. ஸ்பனர் அங்குல அளவிலேயே இருக்கவேண்டும். அரை அங்குலத் தலையில் 13 மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்துவதுபோலத் தோன்றும். இறுகிய நட்டு ஒன்றில் பலமாகத் திருப்பிய பிறகுதான் மூலைகள் உருண்டுபோனது தெரியவரும். மல்ரிமீற்றரை விட, ஒரு பல்ப்பும் இரண்டு வயரும் கொண்ட சோதனை விளக்கையே நான் விரும்புகிறேன். கறல் பிடித்த இணைப்பு ஒன்று மீற்றரில் 12 வோல்ற் காட்டும், பல்ப்பை எரிக்கச் சொன்னால் மங்கிவிடும்.

இந்தக் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்று கடையில் கிடைக்கும் றேடியோ, தொலைபேசிச் சார்ஜர், எல்ஈடி விளக்கு, ஓல்ரனேற்றர் (பற்றறியைச் சார்ஜ் செய்யும் புதிய வகை மின்னாக்கி) எல்லாம் எதிர்முனை உடலில் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இதை மாற்றிவிடுவதே நல்லது. பற்றறி வயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, பற்றறியைத் திருப்பி வையுங்கள். நேர்முனைக் கம்பம் மற்றதை விடத் தடிப்பானது என்பதால் பழைய கிளாம்புகள் மாறிப் பொருந்தா. சுத்தியலால் தட்டி ஏற்றாமல் புதிய கிளாம்பு இரண்டு வாங்கிப் போடுங்கள். அடுத்து, பிளக்குகளின் பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் கார் ஓடும், ஆனால் பொறி வலுவிழந்திருக்கும். ஸ்ராட்டருக்கும் முன்விளக்குகளுக்கும் திசை முக்கியமில்லை. பெற்றோல் பம் பழைய பொயின்ற் வகையாக இருந்தால் அதுவும் கவலையில்லை. இலத்திரனியல் வகையைப் போட்டிருந்தால், எந்த முனைக்குரியது என்று அதன் மேலுள்ள குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் விழுந்த இடம். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்து, மிகுந்த திருப்தியோடு காரை வெளியே எடுத்தேன். கொக்குவில் சந்தியை நெருங்கும்போது சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்பதைக் கவனித்தேன்; அடுத்த நிமிடத்தில் பொனெற்றின் கீழிருந்து எரிந்த பிளாஸ்ரிக் மணம் வந்தது. வயரிங் வேலை செய்யும் முதியவர் ஒருவர், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ரோல் பொக்ஸின் மூடியைக் கழற்றி, ஒன்றோடொன்று உருகி ஒட்டிப்போயிருந்த இரண்டு சிறிய பொயின்ற்களை ஸ்குறூ றைவர் நுனியால் தொட்டுக் காட்டினார். “தம்பி, பற்றறியைத் திருப்பினீர் சரி, டைனமோவுக்குச் சொன்னீரோ?” என்று கேட்டார்.

இயந்திரத்தோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கிப் பற்றறியைச் சார்ஜ் செய்வது டைனமோ. அதன் உள்ளேயுள்ள இரும்பில் எப்போதும் சிறிதளவு காந்தம் தங்கியிருக்கும். அது எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் மின்சாரம் உண்டாகும். பற்றறி மட்டும் திரும்பிவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே இயந்திரத்தை ஸ்ராட் செய்யும் முன்னர், டைனமோவிலுள்ள தடித்த வயர், மெல்லிய வயர் இரண்டையும் கழற்றி, உலோகத்தில் படாமல் ஒதுக்கி வையுங்கள். பற்றறியின் நேர்முனையிலிருந்து ஒரு தனி வயரை எடுத்து, டைனமோவின் ‘எஃப்’ எனக் குறித்த சிறிய முனையை இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. சிறு பொறி பறப்பது வழமைதான். பிறகு வயர்களைப் பழைய இடங்களிலேயே மாட்டுங்கள். இவ்வளவுதான். இரண்டு நிமிட வேலையை மறந்ததற்காக நான் கொன்ரோல் பொக்ஸ் ஒன்றைப் புதிதாகத் தேடி அலைந்தேன்.

டைனமோவையே வைத்திருப்பதா, ஓல்ரனேற்றருக்கு மாறுவதா? இந்த டைனமோ உச்ச அளவில் 22 அம்பியர்தான் தரும். இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஏ9 வீதியில் கொழும்புக்கு ஓடுபவருக்கு அது போதும். மாரி மழையில், விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வீதியில் ஓட்டோக்களின் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பவருக்குத்தான் ஓல்ரனேற்றர் தேவை. நான் மாறிவிட்டேன். பின்விளக்கும் சிக்னலும் எல்ஈடி. சிக்னலை எல்ஈடி ஆக்கினால் பழைய பிளாஷர் மினுக்காது; இலத்திரனியல் பிளாஷர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். வீட்டுக் கேத்திலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படலத்தைப் பாருங்கள், கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அதுவேதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். என் காரின் கீழ்க் குழாயைக் கழற்றியபோது, விரலால் சுரண்டக்கூடிய வெள்ளைச் சிம்புகள் கைப்பிடியளவு கொட்டின. சித்திரிக் அமிலம் கரைத்த தண்ணீரை ஊற்றி, இயந்திரத்தைச் சூடாக்கி, ஆறவிட்டு வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பலமுறை கழுவினேன். அதன் பிறகு பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரும் கூலன்ரும்தான். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரும் நல்லது. வெயில் நாடு என்று சொல்லி, இயந்திரம் சூடேறும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது இங்கு பலரின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்ந்தபடியே ஓடும் இயந்திரம் விரைவில் தேயும்.

பண்ணைப் பாலத்து உப்புக் காற்றில் போய்வந்த அன்றே அடிப்பகுதியைக் கழுவிவிடுங்கள். முன்சில்லுகளின் திருகு மூட்டுகளுக்கு 1600 கிலோமீற்றருக்கு ஒரு தடவை கிறீஸ் அடிப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. அவை தேய்ந்து கழன்றால் சில்லு உள்ளே மடங்கி, காரின் மூலை வீதியில் இருந்துவிடும். பிறேக் எண்ணெய்த் தாங்கி சாரதியின் காலடிக் கம்பளத்தின் கீழே ஒளிந்திருப்பதால் பலர் பார்ப்பதேயில்லை. கிறீஸ் அடிக்கும் அன்றே அதையும் திறந்து பாருங்கள்.

பிற்சேர்க்கை: இதை வாசித்துவிட்டுச் சுன்னாகத்திலிருந்து ஒருவர், ஓல்ரனேற்றர் போட்ட பிறகும் பற்றறி சார்ஜ் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் பார்த்தால், அவர் எல்லா விளக்குகளோடும் சேர்த்து அந்தச் சிவப்புச் சார்ஜ் விளக்கையும் எல்ஈடி ஆக்கியிருக்கிறார். ஓல்ரனேற்றர் விழித்தெழுவதற்கான சிறு மின்சாரம் அந்தப் பல்ப்பினூடாகத்தான் போகிறது. எல்ஈடி அதைப் போதியளவு விடாது. அந்த ஒன்றை மட்டும் பழைய 2.2 வாற் இழைப் பல்ப்பாகவே வைத்திருங்கள்.