ஜூலியன் கோப்: எங்கே தொடங்கக் கூடாது, எப்படிப் படிக்கக் கூடாது

பிரிட்டிஷ் ராக் பாடகரும் எழுத்தாளருமான ஜூலியன் கோப்பின் பெயரைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ‘வேர்ல்ட் ஷட் யுவர் மவுத்’ பாட்டை. 1986-இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம் வரை ஏறிய பாட்டு. அதே பெயரில் 1984-இல் வந்த ஆல்பம் ஒன்று கண்ணில் பட்டதும் அதை எடுத்துக் கேட்பார்கள். பாட்டு அதில் இருக்காது. அது இருப்பது 1987-இல் வந்த ‘செயின்ட் ஜூலியன்’ ஆல்பத்தில். இது சின்னக் குழப்பம்தான், இரண்டுமே நல்ல ஆல்பங்கள். ஆனால் இந்தப் பாட்டை வைத்துக்கொண்டு கோப் யார் என்று முடிவுசெய்வது பெரிய தவறு. தோல் ஜாக்கெட், கிட்டார், கூடவே பாடவைக்கும் பல்லவி என்ற அந்த ராக் நட்சத்திர வேடம் அவரிடம் சில வருடங்கள்தான் நிலைத்தது.

அதே மாதிரி, டியர்டிராப் எக்ஸ்ப்ளோட்ஸ் குழுவோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. வேல்ஸில் பிறந்து, டாம்வொர்த்தில் வளர்ந்து, லிவர்பூலுக்கு வந்த கோப் 1978-இல் தொடங்கிய குழு இது. அவர்களின் ‘ரிவார்ட்’ பாட்டு 1981-இல் பிரிட்டனின் பட்டியலில் 6-ஆம் இடத்துக்குப் போனது. அதன் ட்ரம்பெட் முழக்கத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. ‘கிலிமஞ்சாரோ’, ‘வைல்டர்’ இரண்டையும் கட்டாயம் கேளுங்கள், ‘வைல்டர்’ இன்னும் பேசப்பட வேண்டிய ஆல்பம் என்பது என் எண்ணம். ஆனால் கோப்பின் முழு வீச்சு இங்கே தெரியாது.

சரி, அப்படியானால் எங்கே தொடங்குவது? நான் யாருக்குச் சொன்னாலும் 1991-இன் ‘பெக்கி சூயிசைட்’ என்றுதான் சொல்வேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இரட்டை ஆல்பம். பூமித்தாய் ஒரு மலை விளிம்பில் குதிக்கத் தயாராக நிற்பது போல அவருக்குத் தோன்றிய காட்சிதான் இதன் கரு. சுற்றுச்சூழல், காவல்துறை, அரசியல், காதல் எல்லாம் உள்ளே வருகின்றன. 1990-இல் லண்டனில் தலைவரியை எதிர்த்து நடந்த பெரும் போராட்டத்தில் பெரிய வேடம் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர், அந்தக் கோபமும் இதில் கேட்கும். மெல்லிய நாட்டுப்புறச் சாயல் ஒரு பாட்டில், ஃபங்க் தாளம் அடுத்ததில், அப்புறம் ‘சேஃப்சர்ஃபர்’ என்று சுமார் எட்டு நிமிடம் கிட்டார் அலையலையாக எழுந்துகொண்டே போகும் ஒரு பாட்டு. முதல் தடவையிலேயே முழுக்கப் பிடிபடாது. பாதியில் நிறுத்திவிட்டு, பிடித்த நாலு பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்காதீர்கள். பகுதி பகுதியாக, வரிசையாகக் கேட்பதற்காகவே அமைக்கப்பட்ட ஆல்பம் இது.

அடுத்தது 1992-இன் ‘ஜெஹோவாகில்’. இன்னும் இருண்டது, தாளம் இன்னும் பிடிவாதமானது. எழுபதுகளின் ஜெர்மன் ராக் குழுக்கள் மேல் கோப்புக்கு இருந்த காதல் இதில் வெளிப்படையாகவே தெரிகிறது. இது வெளிவந்த கையோடு அவரது இசைத்தட்டு நிறுவனமான ஐலண்ட் அவரை விட்டுவிட்டது. அட்டையில் இருப்பது ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள காலனிஷ் என்ற தொல்பழங்கால நெடுங்கற்கள். அந்த அட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகங்களுக்கு வரும்போது தேவைப்படும்.

இதைவிடவும் எனக்கு வருத்தம் தருகிற தவறு ஒன்று உண்டு. கோப்பை ‘போதையில் புத்தி கலங்கிய கிறுக்கர்’ என்று ஒரே வரியில் ஒதுக்குவது. 1984-இன் ‘ஃப்ரைட்’ ஆல்பத்தின் அட்டையில் அவர் பெரிய ஆமை ஓட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதும் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நொறுங்கிப்போன ஒரு மனிதன் கவனமாக எழுதிய ஆல்பம், மிக மென்மையான மெட்டுகள் கொண்டது. பெரிய தொல்லியல் நூல் ஒன்றுக்காக எட்டு வருடம் பிரிட்டன் முழுக்க அலைந்து குறிப்பெடுத்தவரிடம் ஒழுங்கு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? விசித்திரம் அவர் தோற்றத்திலும் பேச்சிலும் இருக்கிறது. வேலையில் இருப்பது அசாத்தியமான உழைப்பு.

வெளிவந்த வரிசைப்படி ஒன்றுவிடாமல் கேட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பாதி வழியில் களைத்துப்போகிறார்கள். 1988-இன் ‘மை நேஷன் அண்டர்கிரவுண்ட்’ வந்ததும் ஆர்வம் வடிந்துவிடும், கோப்பே திருப்திப்படாத ஆல்பம் அது. அந்த எரிச்சலில் சில நாட்களுக்குள் பதிவுசெய்த ‘ஸ்கெலிங்டன்’ எவ்வளவோ உயிருள்ளது. அரைகுறையாக, சிரிப்பும் தடுமாற்றமுமாக இருக்கும். பிழையில்லாத ஒலிப்பதிவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ‘ஃப்ளோர்ட் ஜீனியஸ்’ என்ற தொகுப்பு அறிமுகத்துக்கு நல்லது, ஆனால் அது 1991-ஓடு முடிந்துவிடும். அதன் பிறகு வந்த ‘ஆட்டோகெடன்’, ‘ட்வென்டி மதர்ஸ்’, ‘இன்டர்பிரட்டர்’ மூன்றும் அதில் கிடையாது. பாப் மெட்டுகளை விரும்புகிறவர்களுக்கு இந்த மூன்றில் ‘ட்வென்டி மதர்ஸ்’ ஆல்பத்தைத்தான் முதலில் தருவேன்.

தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து அவர் தன் சொந்த இசை வெளியீட்டு நிறுவனமான ஹெட் ஹெரிடேஜ் மூலமாகவே வெளியிட்டு வருகிறார். இதற்கு முன்னும் பின்னும் அவர் செய்த பரிசோதனைப் பதிவுகளைப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ‘ரைட்’ தியானத்துக்கு உகந்த நீண்ட இசைப்பதிவு. ‘குவீன் எலிசபெத்’ மின்னணு ஒலிகளில் மிதப்பது. பிரெயின் டோனர் என்ற குழுவில் அவர் செய்ததோ காது அதிரும் கனத்த ராக். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு எடுங்கள். பாட்டாகவே வேண்டும் என்றால் 2020-இன் ‘செல்ஃப் சிவில் வார்’ நல்ல வாசல்.

புத்தகங்களுக்கு வருவோம். பாடகர் ஓய்வு நேரத்தில் எழுதியவை என்று நினைத்து ரசிகர்களே இவற்றைத் தள்ளிவைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கோப்பின் இசையும் எழுத்தும் ஒரே தேடலின் இரண்டு பக்கங்கள், ஒன்றை விட்டால் மற்றது பாதிதான் புரியும். 1998-இல் வந்த ‘தி மாடர்ன் ஆன்டிக்வேரியன்’ பிரிட்டனிலுள்ள 300-க்கும் மேற்பட்ட தொல்பழங்கால இடங்களைப் பற்றியது. கல்வட்டங்கள், புதைமேடுகள், நெடுங்கற்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் எழுதியிருக்கிறார். ‘ஜெஹோவாகில்’ அட்டையிலிருந்த கற்கள் ஆறு வருடம் கழித்துப் புத்தகமாக விரிந்தன என்று சொல்லலாம். இதன் முன்பகுதிக் கட்டுரைகளில் பெண்தெய்வ வழிபாடு குறித்து அவர் சொல்வதைக் கல்வித்துறை ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடங்களைப் பற்றிய குறிப்புகளில்தான் புத்தகத்தின் பலம். படம் பார்ப்பதற்காக மேசையில் வைத்துவிடாமல் படியுங்கள்.

1995-இன் ‘கிரவுட்ராக்சாம்ப்ளர்’ கதை வேறு. ஃபவுஸ்ட், நொய், டேஞ்சரின் டிரீம், ஆஷ் ரா டெம்பல் போன்ற ஜெர்மன் குழுக்களை ஆங்கிலம் படிப்பவர்களிடம் திரும்பக் கொண்டுவந்ததில் இந்தச் சிறிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதைக் கலைக்களஞ்சியம் போலப் புரட்டுவதுதான் தவறு. பதின்வயதில் கேட்டு மயங்கிய ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பக்கமும் இனிக்கும். கடைசியில் அவர் தரும் 50 ஆல்பங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குங்கள். நெடுங்காலமாக மறுபதிப்பு இல்லாததால் பழைய பிரதிகளின் விலை ஏறிக்கிடக்கிறது. அவசரப்பட்டு வாங்க வேண்டாம், முதலில் நூலகங்களில் தேடிப் பாருங்கள். 2007-இன் ‘ஜாப்ராக்சாம்ப்ளர்’ ஜப்பானிய ராக்கைப் பற்றியது. அந்த இசையை நெருக்கமாக அறிந்தவர்கள் இதிலுள்ள தகவல் பிழைகளைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆகவே தேதிகளுக்கும் சம்பவங்களுக்கும் இதை நம்பாமல், ஃப்ளவர் டிராவலின் பேண்ட் போன்ற குழுக்களைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள்.

தன்வரலாறு இரண்டு பாகம்: 1976 முதல் 1982 வரை ‘ஹெட்-ஆன்’, 1983 முதல் 1989 வரை ‘ரீபொசெஸ்ட்’. முதல் பாகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். லிவர்பூல் பங்க் நாட்களின் கலகலப்பு அதில்தான் என்றாலும், குழு உடைந்து ஊர் திரும்பிய மனிதன் எப்படி மீண்டான் என்பது இரண்டாவதில்தான் இருக்கிறது. ‘ஃப்ரைட்’ ஆல்பத்தை அதைப் படித்த பிறகு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

2014-இல் வந்த ‘ஒன் த்ரீ ஒன்’ நாவலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சார்டினியா தீவு, 1990 உலகக்கோப்பை, கால்பந்து ரவுடிகள், காலத்தைத் தாண்டும் பயணம் எல்லாம் ஒன்றோடொன்று மோதும் கதை அது. தன்வரலாற்றையும் கற்களைப் பற்றிய புத்தகத்தையும் படித்தவர்களுக்கு அதில் பல இடங்கள் தானாகத் திறக்கும். நேராக அதற்குள் போகிறவர்கள் இருபது பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்கள்.