மைக்ரேனா, சாதாரணத் தலைவலியா? பிரித்தறிவதும் தணிப்பதும்

தலைவலி வந்ததும் பலரும் முதலில் பார்ப்பது வலி எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைத்தான். ஆனால் ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் சிலருக்கு இரு பக்கமும் வலிக்கும் என்பதால், பக்கத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது சரியாகாது. வலியோடு சேர்ந்து வேறு என்ன வருகிறது, அந்நேரத்தில் உடல் எதைப் பொறுக்க மறுக்கிறது என்று கவனிப்பதே மேல்.

மைக்ரேன் உள்ளவர் மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் வலி விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது, வயிற்றைப் புரட்டும், இருட்டறையில் அசையாமல் படுத்துக்கிடக்கவே தோன்றும். சிகிச்சை இல்லாவிட்டால் இது 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். சாதாரணத் தலைவலி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இறுக்கத் தலைவலியே. துணியால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல இரு புறமும் அழுத்தினாலும், நடமாடுவதால் அது கூடுவதில்லை, வாந்தியும் வருவதில்லை.

சிலருக்கு வலிக்கு முன்பே கண்ணெதிரில் வளைந்து நெளிந்து மின்னும் கோடுகள் தோன்றி, சில நிமிடங்களில் மெல்லப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் மறையும். இது மைக்ரேனுக்கே உரிய முன்னறிகுறி. இந்த அறிகுறி உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும் என்பதால், மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும். கன்னமும் நெற்றியும் வலித்தால் சைனஸ் என்று தாமே முடிவு கட்டிக்கொள்பவர்கள் ஏராளம். காய்ச்சலோ கெட்டியான சளியோ இல்லாமல், குமட்டலோடு திரும்பத் திரும்ப வரும் அந்த வலி பெரும்பாலும் மைக்ரேன்தான்.

மாத்திரையை வலி முற்றும்வரை தள்ளிப்போடக் கூடாது. மைக்ரேனின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாவதால், தாமதித்துப் போட்ட மாத்திரை உடலில் சேரவே நேரமாகும். பெரியவர்களுக்கு இபுப்ரோஃபென் 400 மி.கி. அல்லது பாராசிட்டமால் 1000 மி.கி. ஒரு வேளைக்கான வழக்கமான அளவு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுப்ரோஃபெனைத் தாமாக எடுக்கக் கூடாது. இவை கேட்காவிட்டால் மருத்துவர் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்து தரக்கூடும். இதயநோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. நெற்றியிலோ பிடரியிலோ குளிர் ஒத்தடம், தண்ணீர், சிறு தூக்கம் ஆகியவையும் உதவும்.

சீக்கிரம் போட வேண்டுமென்பது அடிக்கடி போடுவதற்கான அனுமதி அல்ல. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டானை 10 நாட்களோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் எடுத்தால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கக்கூடும். வலி வந்த நேரம், முந்தைய இரவின் தூக்கம், தவறிய உணவு, மாதவிடாய் நாள், போட்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்துவைத்தால், தடுப்பு மருந்து வேண்டுமா என மருத்துவர் முடிவு செய்வது எளிதாகும்.

நொடியில் உச்சம் தொடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், எந்த மாத்திரைக்கும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். 50 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும் மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.