தொட்டிலிலிருந்து விழுந்தது என்றால் தொட்டிலை அளந்து பாருங்கள்

“பிள்ளை தொட்டில்லேருந்து விழுந்துட்டு” என்று அழுகை கேட்கும், சாயங்காலத்துக்குள் விளையில் (தோட்டத்தில்) குழி வெட்டி அடக்கமும் முடிந்துவிடும். பெரும்பாலும் அதில் தப்பு எதுவும் இருக்காது. ஆனாலும் சில சமயம் வீட்டிலேயே யாராவது பிள்ளையைக் கொடுமை செய்திருக்கலாம். அதனால் விசாரிக்கப் போகும் போலீஸ்காரர்களுக்குச் சொல்கிறேன், நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று செத்தால் அடக்கத்துக்கு முன்னாலேயே ஸ்டேஷனில் சொல்லி, சந்தேக மரணத்துக்கான பி.என்.எஸ்.எஸ். சட்டம் 194-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174) பதிந்துவிடுங்கள். புதைத்த பிறகு தோண்ட வேண்டுமென்றால் நடுவர் உத்தரவு வேண்டும், அதற்குள் பாதித் தடயம் போய்விடும்.

முதலில் உடம்பு. நாலு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு ரத்தம் கன்றிய தடம் ஒன்றே ஒன்று இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு முட்டியிலும் நெற்றியிலும் அடிபடுவது சகஜம், காது, கழுத்து, வயிற்றில் பெரும்பாலும் அப்படிப் படாது. மேலுதட்டை ஈறோடு பிடித்திருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். வெந்நீர்ப் புண் சாக்ஸ் போட்டது போல ஒரே வரம்பில் நின்றால், தெறித்த புள்ளிகளும் இல்லையென்றால், முக்கிப் பிடித்திருக்கலாம். அப்புறம், பிட்டத்தில் இருக்கும் நீலத் திட்டைப் பார்த்துவிட்டுத் தாயைத் திட்டாதீர்கள், நம் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அது பிறவியிலேயே உண்டு. கன்றலின் நிறத்தை வைத்து “மூணு நாள் ஆச்சு” என்று அடித்துச் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.

வெளியே ஒன்றுமே தெரியாமலும் போகலாம். வேகமாகக் குலுக்கினால் மூளையைச் சுற்றியும் விழித்திரையிலும் ரத்தம் கசியலாம். அதனால் போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னால் முழு உடம்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் எழுத்திலேயே கேளுங்கள். முதுகுப் பக்க விலா முறிந்து ஆறியிருந்தால் விஷயம் இன்றைக்கு ஆரம்பித்தது இல்லை.

சரி, வீட்டுக்குப் போங்கள். சேலைத் தொட்டிலின் அடி தரையிலிருந்து எத்தனை அடி, கீழே சிமெண்டா டைல்ஸா, பாயாவது கிடந்ததா? டேப்பால் அளந்து, விழுந்ததாகச் சொன்னவர் கையிலேயே பொம்மையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். கடைசியாகப் பால் குடித்தது எப்போது, சிரித்து விளையாடியதை யார் பார்த்தார், அப்புறம் யார் கையில் இருந்தது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆச்சியும் தகப்பனும் ஒரே திண்ணையில் இருந்தால் ஒரே கதைதான் வரும்.

பட்டினி போட்ட சாவு என்றால் அங்கன்வாடி எடைப் பதிவேடும் தடுப்பூசி அட்டையும்தான் சாட்சி. வீட்டில் எல்லாருக்குமே கஞ்சி இல்லையா, இல்லை இந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லையா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது வறுமை, அதற்கு வழக்குப் போட முடியாது.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி, அன்றைக்கே சட்டையைக் கழற்றி டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.