கொல்கத்தாவிலிருந்து நேபாளத்தின் பீர்கஞ்சுக்கு கண்டெய்னர் கொண்டுபோவது எப்படி?

நேபாளத்துக்குக் கடல் இல்லை. அதன் கடல்வழிச் சரக்கில் பெரும்பகுதி கொல்கத்தா, ஹல்தியா துறைமுகங்களில் இறங்கி இந்தியாவைக் கடக்கிறது. கப்பல் கிளம்பும் முன்பே பில் ஆஃப் லேடிங்கைப் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) பாருங்கள்: 'நேபாளத்துக்கு டிரான்சிட்', அதாவது இந்தியாவைக் கடந்துபோகும் சரக்கு, என்ற குறிப்பு இருக்க வேண்டும். சரக்கின் பெயர், அளவு, மதிப்பு மூன்றும் எல்.சி. (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்), இன்வாய்ஸ், சுங்கத்துக்குத் தரும் டிரான்சிட் அறிவிப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எண் பிசகினாலும் பெட்டி சுங்கத்தில் நின்றுவிடலாம். இலவச நாட்கள் தீர்ந்ததும் துறைமுகம் ஒரு பக்கம், கப்பல் நிறுவனம் மறுபக்கம் நாள்வாடகை ஏற்றும். சிறு வணிகரின் லாபம் கரைவது இங்கேதான்.

முடிந்தவரை ரயிலில் அனுப்புங்கள். சுமார் 700 கி.மீ. கடந்து, பீகார் எல்லை ஊரான ரக்சௌல் தாண்டி, தண்டவாளம் பீர்கஞ்ச் உலர் துறைமுகத்துக்குள்ளேயே (கடலில்லா இடத்தில் கண்டெய்னர்களைக் கையாளும் நிலையம்) போகிறது. கண்டெய்னர் கதவில் பூட்டும் மின்னணு முத்திரையின் எண்ணைக் கிளம்பும்போதே குறித்துக்கொள்ளுங்கள். காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவையும் முதலிலேயே அடக்கவிலையில் சேருங்கள்.