முதலில் ஓடை, பிறகு ஊர்: மெக்டவல் கவுண்டியை அறிந்துகொள்ளும் வழி

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மருத்துவர்கள் போதாத பகுதியில் பணியாற்ற வேண்டும் என்ற விசா நிபந்தனையின்படி என் மகள் அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள மெக்டவல் கவுண்டிக்குப் போனாள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. நானும் அவளுடன் எட்டு மாதம் அங்கே இருந்தேன். கிளம்புமுன் இணையத்தில் தேடியபோது வறுமை, போதை மருந்து என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அந்த இரண்டும் பொய்யல்ல. ஆனாலும் அவற்றை மட்டும் தெரிந்துகொண்டு அங்கே போய் இறங்குபவருக்கு அந்த மண்ணும் புரியாது, மனிதர்களும் புரியமாட்டார்கள். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கவுண்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், வேலைக்குப் போகிறவர்களும் பலர் இருக்கிறார்கள். நான் படித்த வழியை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். மெக்டவல் என்ற கவுண்டி வட கரோலினாவிலும் உண்டு, அதுவும் மலைப்பகுதிதான். நம் மெக்டவலில் கிடைப்பது புகழ்பெற்ற போகஹோண்டாஸ் நிலக்கரி. ஆனால் போகஹோண்டாஸ் கவுண்டி வடகிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. போகஹோண்டாஸ் என்ற ஊரோ எல்லைக்கு அப்பால் வர்ஜீனியாவில் இருக்கிறது. வடக்கே உள்ள அண்டைக் கவுண்டியின் பெயர் வயோமிங்; அதே பெயரில் ஒரு மாநிலமும் உண்டு. மாநிலப் பெயரைச் சேர்க்காமல் தேடினால் எங்கெங்கோ போய்விடுவீர்கள். கணக்கெடுப்புத் துறை தரும் எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது: 54047. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த மூன்று கவுண்டி.

அடுத்து, சாலை வரைபடத்தை மூடிவையுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை, ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் சம உயரக் கோட்டு வரைபடங்களை, பழையவை உட்பட, இலவசமாகத் தருகிறது. இரண்டு மூன்று தாள்களை அச்சிட்டு, ஒரு நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கோடுகள் நெருங்கி நெருங்கித் தாளே பழுப்பாகத் தெரியும். சமவெளி என்று சொல்ல ஓர் அங்குலம் இருக்காது. அதற்கு நடுவே டக் ஃபோர்க் ஆற்றைத் தேடிப் பிடியுங்கள். வெல்ச் நகரில் எல்க்ஹார்ன் ஓடை அதில் வந்து கலக்கிறது. தெற்கிலிருந்து வரும் டிரை ஃபோர்க், யேகர் என்ற ஊரில் கலக்கிறது. எல்லாம் சேர்ந்து பிக் சாண்டி ஆறாகி ஓஹாயோ ஆற்றுக்குப் போய்விடுகிறது.

நீலக்கோட்டை வரைந்து முடித்ததும் ஊர்களைக் குறியுங்கள். எல்க்ஹார்ன் ஓரமாக மேபெரி, நார்த்ஃபோர்க், கீஸ்டோன், கிம்பால், வெல்ச். டிரை ஃபோர்க் ஓரமாக பெர்விண்ட், வார், பார்ட்லி, பிராட்ஷா. நூலில் கோத்த மணிகள்போல வரிசையாக விழும். ஓடை, ரயில் பாதை, சாலை, வீடு என எல்லாமே அதே குறுகிய பள்ளத்தாக்கில்தான். பக்க ஓடைகள் ஓடிவரும் சிறு பள்ளங்களை அங்கே 'ஹாலர்' என்பார்கள். நான் போன முதல் வாரம் மளிகைக் கடையில் ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "எந்த ஹாலரில் தங்கியிருக்கிறீர்கள், அம்மா?" தெருப் பெயரை அவர் கேட்கவே இல்லை.

இதை உணராமல் ஒருநாள் மாட்டிக்கொண்டோம். அடுத்த பள்ளத்தாக்கு நேர்கோட்டில் மிக அருகில் இருப்பதாகக் கைப்பேசி வரைபடம் காட்டியது. அது காட்டிய பாதை, ஏறிக்கொண்டே போய், ஒரு பழைய சுரங்கத்தின் கரித்தூள் மேட்டில் நின்றுவிட்டது. சிக்னலும் இல்லை. இருட்டுவதற்குள் பின்னோக்கியே வண்டியை இறக்கினாள் என் மகள். அதன் பிறகு அச்சிட்ட வரைபடம் இல்லாமல் நாங்கள் வெளியே கிளம்பியதில்லை. 2001 ஜூலை, 2002 மே, 2025 பிப்ரவரி வெள்ளங்கள் ஏன் அத்தனை வீடுகளை அடித்துச் சென்றன என்பதற்கும் அந்த நீலக்கோடே விடை. மலையில் பெய்யும் மழை இறங்கும் வழியும் மனிதர்கள் குடியிருக்கும் இடமும் ஒன்றுதான்.

இனி மக்கள்தொகை. 'இப்போது எத்தனை பேர்' என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். பத்தாண்டுக்கு ஒன்றாக எண்களை ஒரு தாளில் கீழிறங்கும் வரிசையில் எழுதுங்கள். 1950இல் 98,887. 1960இல் 71,359. 1970இல் 50,666. 1980இல் 49,899. 1990இல் 35,233. 2000இல் 27,329. 2010இல் 22,113. 2020இல் 19,111. இப்போது ஒவ்வோர் இடைவெளியிலும் விரலை வைத்து 'ஏன்' என்று கேளுங்கள். 1950க்குப் பின் இருபது ஆண்டில் பாதிப்பேர் போனது, வெட்டும் இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் வந்ததால். எழுபதுகளில் குறைந்தது வெறும் 767 பேர். எண்ணெய் நெருக்கடியில் நிலக்கரிக்கு மீண்டும் மதிப்பு வந்த காலம் அது. எண்பதுகளில் மறுபடி பெருஞ்சரிவு. கேரி என்ற ஊரில் ஓர் உருக்கு நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்தத் தாளை நான் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: கவுண்டியில் ஒரு கூட்டரசுச் சிறை இருக்கிறது, கைதிகளும் அந்த இடத்தின் குடிமக்களாகவே கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். வயது, பாலினம், இனம் பற்றிய விகிதங்களைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

சமூகங்களை அறிய, ஊர்ப்பெயர்களிலிருந்து தொடங்குங்கள். கேரி, எல்பர்ட் என்ற இரண்டு ஊர்களும் எல்பர்ட் கேரி என்ற ஒரே உருக்காலை முதலாளியின் பெயரை ஆளுக்கொரு பாதியாகத் தாங்கி நிற்கின்றன. நிறுவனமே வீடு கட்டி, நிறுவனமே கடை நடத்தி, பல இடங்களில் தன் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளைக் கூலிக்கு ஈடாகக் கொடுத்த 'கோல் கேம்ப்' ஊர்கள் இவை. அங்கே வேலைக்கு வந்தவர்கள் வெள்ளை மலைவாசிகள் மட்டுமல்லர். இத்தாலியர், ஹங்கேரியர், போலந்துக்காரர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர் எனப் பலர் ஒரே சுரங்கத்தில் இறங்கினார்கள். அப்பலாச்சியா என்றால் ஒரே நிற மக்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்; நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணம் மாற, கிம்பாலுக்குப் போங்கள். முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காக 1928இல் எழுப்பிய நினைவுக் கட்டடம் மேட்டின்மேல் நிற்கிறது. பெரிய தூண்கள் தாங்கும் முகப்பு. 1991இல் தீயில் எரிந்ததைப் பின்னர் மீட்டெடுத்திருக்கிறார்கள். படியில் நின்று கீழே பார்த்தால் சாலை தெரியும், ரயில் பாதை தெரியும், ஓடை தெரியும். கரி ஏற்றிய ரயில் ஒன்று கடந்துபோக நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். எண்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. அதே 1928இல்தான் மெக்டவலைச் சேர்ந்த மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். வெல்ச்சில் நீதிமன்றப் படிகளையும் பாருங்கள். சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்ற சிட் ஹாட்ஃபீல்டை 1921 ஆகஸ்ட் 1 அன்று சுட்டுக் கொன்றது அங்கேதான்.

மனிதர்களிடம் பேச்சைத் தொடங்க, வேலையையோ வருமானத்தையோ கேட்காதீர்கள். எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேளுங்கள். இன்று மவுண்ட் வியூ, ரிவர் வியூ என இரண்டுதான். மூத்தவர்களோ மூடப்பட்ட பள்ளிகளின் பெயரைச் சொல்வார்கள். நார்த்ஃபோர்க் என்று சொன்னவரிடம் கூடைப்பந்தைப் பற்றிக் கேளுங்கள். 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு முறை மாநிலக் கோப்பையை வென்ற பள்ளி அது. நான் கேட்ட பெரியவர் ஒரு மணி நேரம் நின்றபடியே பேசினார். அப்பலாச்சியா என்ற பெயரை 'அப்பலாச்சா' என்று 'லா'வை அழுத்தி, குறுக்கி உச்சரியுங்கள். 'அப்பலேசியா' என்றால் முகம் சற்றே வாடும்.

வெல்ச்சின் செய்தித்தாள் 2023இல் நின்றுவிட்டது. ஆகவே ஈமச்சடங்கு நிலையங்கள் வெளியிடும் இரங்கல் குறிப்புகளை நாள்தோறும் வாசியுங்கள். பிறந்த ஹாலர், வேலை பார்த்த சுரங்கம், போன தேவாலயம், பிள்ளைகள் இப்போது வாழும் ஊர் என எல்லாம் அந்தப் பத்து வரியில் இருக்கும். ஓஹாயோ, வட கரோலினா, வர்ஜீனியா என்று அந்த ஊர்ப்பெயர்களை என் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவந்தேன். மூன்றாம் மாதத்தில் ஓரம் நிறைந்துவிட்டது. பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.