ஆடிக் காற்றும் சொரசொர பிரைமரும்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. அளவு ஆர்க் (கோரைப்பல் அரக்கர்) படை, 20 பொம்மைகள். பொள்ளாச்சி வீட்டு மொட்டை மாடியில் ஸ்ப்ரே பிரைமர் (வண்ணம் தீட்டும் முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் மேலங்கியெல்லாம் ரவை தூவின மாதிரி சொரசொரப்பு. டப்பாவைக் கை வலிக்கக் குலுக்கினேன், புது டப்பா வாங்கினேன், பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். 4 நாள் வீண், எரிச்சல்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: விடிகாலையில் அடித்த 3 மட்டும் வழவழவென்று இருந்தன. வெயில் ஏறினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிடும். ஆடி மாதம் வேறு. எட்ட நின்று அடித்ததில் பெயின்ட் துளி பொம்மையைத் தொடும் முன்பே பாதி காய்ந்து தூளாகியிருக்கிறது.

கெட்டதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பூச்சை எடுத்தேன். (பிளாஸ்டிக் தாங்கும்; ரெசின் என்றால் ஒன்றில் சோதித்துப் பாருங்கள்.) மறுநாள் காலை 6 மணிக்கு, அட்டைப்பெட்டிக்குள் நிற்கவைத்து, 20 செ.மீ. தூரத்தில் விட்டுவிட்டு அடித்தேன். கோரைப்பல் இடுக்குகூடத் தெளிவாக வந்தது.