காது இருக்கிறதா என்று பாருங்கள்: ஜாஸ் ரிக்கார்டு சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நியூஜெர்சியில் ஒரு ரிக்கார்டு சந்தைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் எல்பி, அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு. அட்டையிலிருந்து பாதி இழுத்து லேபிளைப் பார்த்தான். ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ என்று இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. உடனே பர்ஸை எடுத்துவிட்டான். தட்டை முழுதாக வெளியே எடுக்கவில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம், அதே சிரிப்பு. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் திறந்துவிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் உறைக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தட்டை ஓரத்தில் பிடியுங்கள், படுக்கப் போட்டு அடுக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஓரளவு தெரிந்த பிறகும் கால் வழுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே.

78-ஐ எல்பி ஊசியில் ஓட்டுவது

ஜாஸ் சேர்ப்பவர் என்றாவது ஒரு நாள் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளில் வந்து நிற்பார். ப்ளூ நோட் கம்பெனியே 1939-இல் அப்படித்தான் தொடங்கியது, ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பியானோக்காரர்களின் 78-களோடு. எல்பி வந்தது 1948-இல்தான்.

78-இன் பள்ளம் அகலம். அதற்கு ஏறக்குறைய 3 மில் ஊசி வேண்டும், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எல்பி ஊசி 1 மில் அல்லது அதற்கும் குறைவு. எல்பி ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கே இருக்கிற தூசியையும் தேய்மானத்தையும்தான் வாசிக்கும். “பழைய ரிக்கார்டு, இரைச்சல் இருக்கத்தான் செய்யும்” என்று நாமும் தலையாட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, துடைப்பது. எல்பி துடைக்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். 78-கள் பெரும்பாலும் அரக்கு கலந்து செய்தவை, ஆல்கஹாலில் அரக்கு கரையும். என் துணியில் கறுப்பாக ஒட்டியதைப் பார்த்து, ‘அடேயப்பா, எவ்வளவு அழுக்கு!’ என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். அது அழுக்கில்லை, பாட்டு.

லேபிளை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பது

இதற்கு வருகிறேன். என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

ஜாஸில் அதிக விலைக்குப் போகிற தட்டுகளில் ப்ளூ நோட்டின் முதல் அச்சுகளுக்குத் தனி இடம். கம்பெனியைத் தொடங்கிய ஆல்ஃப்ரெட் லயன் பெர்லினிலிருந்து வந்தவர், பிறகு அவரோடு சேர்ந்துகொண்ட பிரான்சிஸ் வுல்ஃப் அங்கிருந்த பால்ய நண்பர். ஒலிப்பதிவு ரூடி வான் கெல்டர். நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்யத் தொடங்கியவர், 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டுடியோ கட்டிக்கொண்டார். தட்டை அச்சடித்துக் கொடுத்தது நியூஜெர்சியிலேயே இருந்த பிளாஸ்டிலைட் என்ற ஆலை. 1965-இல் லயன் ப்ளூ நோட்டை லிபர்ட்டி என்ற இன்னொரு ரிக்கார்டு கம்பெனிக்கு விற்றார். 1966-இல் பிளாஸ்டிலைட் அச்சு நின்றது.

புதிதாக வருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது லேபிளில் உள்ள முகவரிகளை. ‘767 லெக்ஸிங்டன் அவென்யூ’ என்றால் மிகப் பழையது, ‘47 வெஸ்ட் 63’ என்றால் அதற்கு அடுத்தது, அறுபதுகளில் ‘நியூயார்க் யுஎஸ்ஏ’, அப்புறம் ‘லிபர்ட்டியின் ஒரு பிரிவு’ என்று எழுதியிருக்கும். மனப்பாடம் செய்ய எளிது. ஒரே மாலையில் கற்றுக்கொண்டு நிபுணராகிவிடலாம். நான் ஆனேன்.

அந்த மிதப்பில்தான் ட்ரம்பெட்காரர் லீ மார்கனின் ‘தி சைட்விண்டர்’ வாங்கினேன். 1963 டிசம்பரில் பதிவாகி 1964-இல் வந்த ஆல்பம், ப்ளூ நோட்டுக்கு எதிர்பாராத பெரிய விற்பனை. இணையத்தில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். லேபிளில் ‘நியூயார்க் யுஎஸ்ஏ’. அட்டை அந்தக் காலத்து அட்டை. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் ‘வான் கெல்டர்’ முத்திரை உண்டு என்றும் எழுதியிருந்தார். மோனோ, அதாவது ஒரே தடத்தில் வரும் ஒலி. 260 டாலர். சம்பளம் வந்த மறுநாள் அனுப்பிவிட்டேன்.

தட்டு வந்தது, கேட்டேன், உருகினேன். ஒரு வாரம் கழித்து, இந்தத் துறையில் நரைத்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். தட்டை வாங்கி மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கிற வெற்று வளையத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். திருப்பி இன்னொரு பக்கமும் பார்த்தார். “காது எங்கே?” என்று கேட்டார்.

பிளாஸ்டிலைட் தான் அச்சடித்த தட்டுகளில், அந்த வெற்று வளையத்தில், சுழித்து எழுதிய ‘பி’ எழுத்தைச் சின்னதாகப் போட்டுவைத்தது. பார்க்கக் காது மாதிரி இருக்கும், அதனால் சேகரிப்பாளர்களிடம் அதற்குக் ‘காது’ என்றே பெயர். என் தட்டில் அது இல்லை.

நடந்தது இதுதான். ப்ளூ நோட்டை லிபர்ட்டி வாங்கியபோது பழைய லேபிள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன, அட்டைகளும் கிடந்தன. யாராவது தூக்கிப் போடுவார்களா? தீரும்வரை அவற்றையே பயன்படுத்தினார்கள். வான் கெல்டர் வெட்டிக் கொடுத்த மூலத்திலிருந்தே தொடர்ந்து அச்சடித்ததால் அவருடைய முத்திரையும் அப்படியே வந்தது. ஆக, லேபிள் பழையது, அட்டை பழையது, முத்திரை அசல். அச்சடித்த ஆலை மட்டும் வேறு. காது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

விற்றவர் பொய் சொன்னாரா என்றால் ஒரு வார்த்தைகூட இல்லை. ‘முதல் அச்சு’ என்று அவர் எழுதவே இல்லை. ‘அசல் நியூயார்க் லேபிள்’ என்றுதான் எழுதியிருந்தார். எட்டுப் படம் போட்டிருந்தார், வெற்று வளையத்தின் படம் மட்டும் இல்லை. அந்த ஒரு படத்தை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. காது இல்லாத அதே தட்டை அப்போது 70, 80 டாலருக்கு வாங்கியிருக்கலாம்.

என்னை உறுத்துவது பணம்கூட இல்லை. வாங்கிய அந்த ஒரு வாரத்தில் இணையத்தில் இரண்டு பேர் தங்கள் தட்டின் லேபிளைப் படமெடுத்துப் போட்டு ‘இது முதல் அச்சா?’ என்று கேட்டிருந்தார்கள். நான் போய் ‘சந்தேகமே இல்லை, முதல் அச்சுதான்’ என்று பெரிய மனிதர் மாதிரி பதில் எழுதினேன். இன்றும் அந்தக் கேள்வி அதே லேபிள் படத்தோடு வருகிறது. இன்றும் யாராவது ஒருவர் அதே உறுதியோடு பதில் சொல்கிறார். படிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

சரி, எப்படிப் பார்ப்பது? மேலிருந்து நேராக விளக்கடித்தால் ஒன்றும் தெரியாது. தட்டைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் உரசுகிற மாதிரி பிடித்து, மெதுவாகச் சுற்றுங்கள். செல்போன் விளக்கே போதும். இரண்டு பக்கமும் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் வெற்று வளையத்தின் படத்தைக் கேளுங்கள். படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

காதைக் கண்டதும் துள்ளவும் வேண்டாம். 1966-இல் அச்சு நிற்பதற்கு முன் பிளாஸ்டிலைட்டில் அச்சானது என்பதைத்தான் அது சொல்கிறது. 1957-இல் பதிவான, சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’ தட்டில் காதும் இருந்து லேபிளில் ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ என்றும் இருந்தால், அது அறுபதுகளில் போட்ட மறு அச்சு. நல்ல தட்டுதான், முதல் அச்சின் விலை கொடுக்காதீர்கள். இதற்கு நேர்மாறும் உண்டு. 1967-க்குப் பிறகு முதன்முதலாக வெளிவந்த ஆல்பத்தில் காதைத் தேடினால் கிடைக்காது. அங்கே லிபர்ட்டி லேபிள்தான் முதல் அச்சு. ‘வான் கெல்டர்’ முத்திரையை மட்டும் நம்புவதும் வீண், அவர் ப்ரெஸ்டீஜ், இம்பல்ஸ் என்ற மற்ற ஜாஸ் கம்பெனிகளுக்கும்கூட வேலை செய்தவர். முகவரி, காது, ஆல்பம் வந்த வருடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

அந்த ‘சைட்விண்டர்’ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சத்தம் அருமை, வான் கெல்டரின் மூலமாயிற்றே. உறைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் ‘காது இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு விற்கப்போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு.

மோனோதான் சுத்தம் என்று அடித்துச் சொல்வது

ரசிகர்கள் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. ஜாஸ் என்றால் மோனோதான், ஸ்டீரியோ எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஒருவர் தொடங்குவார். பழைய ஆல்பங்களுக்கு அது சரி. வான் கெல்டர் ப்ளூ நோட்டுக்கு 1957-இல் இரண்டு தடப் பதிவை, அதாவது ஸ்டீரியோவை, தொடங்கிய பிறகு கொஞ்ச காலம் மோனோவையும் தனி இயந்திரத்தில் பதிவு செய்தார். 1958 இறுதிக்குப் பிறகு இரண்டு தட டேப் மட்டும்தான், இரண்டு தடத்தையும் சேர்த்துத்தான் மோனோ தட்டை வெட்டினார்கள். ஆக, 1962 ஆல்பத்தின் மோனோவைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இதுதான் மூலம்’ என்று வாதாடினால் கேட்கிறவர் சிரிப்பார். எனக்கும் அறுபதுகளின் மோனோ சில பிடிக்கும், சாக்ஸபோன் நடுவில் வந்து கனமாக நிற்கும். பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழையதே சரியானது என்று நினைப்பது

ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959, கொலம்பியா கம்பெனி. லேபிளில் ஆறு கண் சின்னம் உள்ள முதல் அச்சுக்கு ஆளாய்ப் பறக்கிறார்கள், நானும் பறந்தேன். அந்த அச்சின் முதல் பக்கம் வேகமாக ஓடுகிறது! மார்ச் 2-ஆம் தேதிப் பதிவின்போது முதன்மை இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது அந்த மூன்று பாட்டும் சுருதி ஏறிவிட்டன. கூடவே வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம். கூடவே ஓடிய மாற்று இயந்திரத்தில் இருந்த டேப்பைக் கொண்டு 1992-இல்தான் திருத்தினார்கள். போதாதற்கு, தொடக்க அச்சுகளில் இரண்டாம் பக்கத்தின் இரண்டு பாட்டுப் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன.

ஆறு கண் தட்டு அழகான பொருள், மறுக்கவில்லை. பாட்டைச் சரியான சுருதியில் கேட்க வேண்டுமென்றால், திருத்திய டேப்பிலிருந்து எடுத்த மறுபதிப்பு எங்கேயும் மலிவாகக் கிடைக்கிறது.

‘விஜி’

விற்பவர்கள் தட்டுக்குப் போடும் தரக் குறி. விரித்தால் ‘மிக நன்று’ என்று பொருள் வரும். சந்தையில் அதற்குப் பொருள் ‘கரகரக்கும்’.

கண்ணால் பார்த்துப் போட்ட தரத்தை நம்புவது

ஊசி வைத்துக் கேட்டாரா என்று கேளுங்கள். பளபளக்கிற தட்டும் உள்ளே தேய்ந்திருக்கும். அந்தக் காலத்துக் கனமான டோன் ஆர்ம்கள், அதாவது ஊசியைத் தாங்கும் கைகள், பள்ளத்தைச் சுரண்டிய தடம் கண்ணுக்குத் தெரியாது, ட்ரம்பெட் உச்சத்துக்குப் போகும்போது காதுக்குத் தெரியும்.

பார்சல்

தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, தனி உறையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால், வழியில் ஒரு தடவை பெட்டி கீழே விழுந்தாலும் தட்டின் விளிம்பு அட்டையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். என்னிடம் அப்படி நான்கு அட்டைகள் இருக்கின்றன.